இரண்டாவது அடி

1960-களில் தலையில் அடிபட்டு நினைவிழந்து வந்தவரை, பெரும்பாலான ஊர்களில் பொது அறுவை சிகிச்சை வார்டில்தான் படுக்க வைத்தார்கள். ஒரு பக்கம் கால் முறிந்தவர், மறுபக்கம் குடலிறக்க அறுவை முடிந்தவர், நடுவில் இவருடைய கட்டில். நர்ஸ் அவ்வப்போது வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார், நாடி பிடிப்பார், ரத்த அழுத்தம் குறிப்பார். ஒரு கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றால் மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார். ரத்த அழுத்தம் ஏறி நாடி மெதுவானாலும் அதே செய்தி போகும். இந்த அறிகுறியை ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் அதை நம்பியிருந்தார்கள்.

அந்த அறிகுறிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் மிகத் தாமதமாகச் சொல்லின. கண்பாவை விரியும் நேரத்தில் மூளை தன் இடத்தை விட்டுக் கீழ்நோக்கிப் பிதுங்கத் தொடங்கியிருக்கும். இன்று அதே காயத்தோடு வருபவர் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். கண்பாவை விரியும் வரை அங்கே யாரும் காத்திருப்பதில்லை. அது விரியாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அந்தப் பிரிவு இருக்கிறது.

தலைக்காயத்தில் அடி இரண்டு முறை விழுகிறது. முதல் அடி சாலையில், படிக்கட்டில், சாரத்தில் ஒரு நொடியில் விழுந்து முடிந்துவிடும். அப்போதே அறுந்துபோன நரம்பிழைகளை ஒட்டவைக்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. இரண்டாவது அடி அதன் பின் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் விழுகிறது. மூளை வீங்கும், ரத்தம் கட்டும், மூச்சு தடைபடும், ரத்த அழுத்தம் இறங்கும், காய்ச்சல் ஏறும், வெளியே தெரியாத வலிப்பு உள்ளே ஓடும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே ஒன்று கூடினால் இன்னொன்று வெளியேற வேண்டும். வெளியேற எதுவும் மிச்சமில்லாதபோது மூளைக்கு வரும் ரத்தமே தடைபடுகிறது. முதல் அடி விட்டுவைத்த மூளையை இரண்டாவது அடியிலிருந்து காப்பதுதான் இந்தத் துறை கடந்த எழுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. காயத்தை ஆற்றும் மருந்து வரவில்லை, காவல்தான் வந்தது.

காவலின் முதல் பாடம் மூளைக்காயத்திலிருந்து வரவில்லை. 1952-இல் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கி இயந்திர உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில், மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியே ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கட்டிலருகே உட்கார்ந்து, இரவும் பகலும் கையால் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் ஏறக்குறைய 40 சதவீதமாக இறங்கியது. மறு ஆண்டே அந்த நகரத்தில் உலகின் முதல் பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றை இப்சென் தொடங்கினார். அன்று ஒரு நோயாளியின் மூச்சு மாணவன் ஒருவனின் உள்ளங்கையில் இருந்தது. இன்று வென்டிலேட்டர் அந்த வேலையைச் செய்கிறது, ஒவ்வொரு மூச்சின் அளவையும் அழுத்தத்தையும் திரையில் காட்டுகிறது. கை மாறினாலும், நோயாளியை ஒரு கணமும் தனியே விடக்கூடாது என்ற விதி மாறவில்லை.

மூளை நோயாளிகளுக்கென்றே தனி இடம் வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1923-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, அறுவை முடிந்தவர்களுக்காக மூன்று கட்டில்களை ஒதுக்கித் தனியாக நர்ஸ்களை அமர்த்தினார். தமிழ்நாட்டில் 1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். அடுத்த ஆண்டு பி.ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதே பணியை ஆரம்பித்தார். சி.டி. ஸ்கேன் என்ற ஒன்றை உலகம் அறியாத காலம் அது. மண்டைக்குள் எங்கே ரத்தம் கட்டியிருக்கிறது என்பதை அறிய, கழுத்து நாளத்தில் ஊசி குத்தி மருந்து செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார்கள். அதற்கும் நேரமில்லையென்றால் மண்டையில் துளையிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் துளைத்து ஒன்றும் காணாவிட்டால் மறுபக்கம் துளைத்தார்கள். கண்ணால் காணாததைக் கையால் தேடிய மருத்துவம் அது. அந்தக் கைகளுக்கு அசாத்தியமான துணிவும் பயிற்சியும் வேண்டியிருந்தன.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 80-க்கு 80 கட்டங்களால் ஆன மங்கலான படம் அது. ஒரு வெட்டுக்குச் சில நிமிடங்கள் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ஆனாலும் மண்டையைத் திறக்காமலே உள்ளே மூளையைப் பார்த்தாகிவிட்டது. இன்று முழுத் தலையையும் படம் பிடிக்கச் சில விநாடிகள் போதும். துளையிட்டுத் தேடும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ரத்தக்கட்டி எங்கே, எவ்வளவு, நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதெல்லாம் அறுவை அரங்குக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடுகின்றன.

பார்ப்பதைப் போலவே, பார்த்ததைச் சொல்வதும் மாறியது. அன்றைய குறிப்பேடுகளில் 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்', 'கூப்பிட்டால் ஓரளவு அசைகிறார்' என்று ஒவ்வொருவரும் தம் போக்கில் எழுதினார்கள். காலையில் ஒருவர் எழுதிய அரை மயக்கமும் இரவில் மற்றவர் எழுதிய ஆழ்ந்த மயக்கமும் ஒரே நிலையா, சரிவா என்று யாராலும் சொல்ல முடியாது. 1974-இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் மூன்றே கேள்விகளை முன்வைத்தார்கள். கண் திறக்கிறாரா, என்ன பேசுகிறார், கை எப்படி அசைகிறது? இன்று 3-இல் தொடங்கி 15-இல் முடியும் அந்த அளவுகோல் உலகெங்கும் பேசப்படுகிறது. உளுந்தூர்பேட்டைக்கு அருகே ஆம்புலன்ஸில் வரும் பணியாளர் '8' என்று போனில் சொன்னால், விழுப்புரத்திலோ சென்னையிலோ இருக்கும் டாக்டர் மூச்சுக்குழாய் செலுத்த ஆயத்தமாகிறார். இதற்குக் கருவி தேவைப்படவில்லை. ஒரே மொழியில் பேசுவது என்ற முடிவு மட்டும் தேவைப்பட்டது.

அதே கிளாஸ்கோ குழு 1975-இல் மனதை உலுக்கும் ஒன்றைக் கவனப்படுத்தியது. தலைக்காயத்தால் இறந்தவர்களில் கணிசமானோர் அடிபட்ட பின் பேசியிருந்தார்கள். பேசினார்கள் என்றால் முதல் அடி அவர்களைக் கொல்லவில்லை. வார்டில், கட்டிலில், காத்திருந்த நேரத்தில்தான் அவர்கள் கைவிட்டுப் போனார்கள். இந்தத் துறையை இன்றைய உருவத்துக்கு உந்தியதில் அந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இன்றைய கட்டிலருகே சற்று நின்று பார்க்கலாம். தலைப்பக்கம் ஏறக்குறைய 30 டிகிரி உயர்த்தப்பட்டிருக்கிறது. கழுத்து நேராக இருக்கிறது. கழுத்தின் சிரை மடங்கினால் தலையிலிருந்து ரத்தம் வடியாது. மண்டையில் ஒரு சிறு துளை வழியே மெல்லிய குழாய் மூளையின் நீரறை வரை போகிறது. அதோடு இணைந்த அழுத்தமானியை நர்ஸ் காதுத் துளையின் மட்டத்துக்குச் சரிசெய்கிறார். கட்டிலை ஏற்றினாலோ இறக்கினாலோ மறுபடியும் மட்டம் பார்க்கிறார். சில சென்டிமீட்டர் தவறினாலும் எண் பொய்யாகிவிடும். திரையில் 14 ஓடுகிறது. சளியை உறிஞ்சும்போது 24-க்கு ஏறி, மெல்ல 15-க்கு இறங்குகிறது. இறங்கும் வரை அவர் கண்ணை எடுப்பதில்லை. 22-க்கு மேல் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது படிப்படியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: மயக்க மருந்தைக் கூட்டுவது, நீரை வடிப்பது, மானிடால் அல்லது அடர் உப்பு நீர் கொடுப்பது, மறுபடி ஸ்கேன், கடைசியாக மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றுவது.

இந்த எண்ணைத் தொடர்ந்து எழுதிவைக்க முடியும் என்று ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-இல் காட்டினார். மண்டைக்குள் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை, அலையலையாக ஏறி நிமிடக்கணக்கில் நின்று இறங்குகிறது என்பதை அவருடைய காகிதச் சுருள்கள் வெளிப்படுத்தின. நர்ஸ் டார்ச்சோடு வந்துபோகும் இரண்டு வேளைகளுக்கு நடுவே எத்தனை அலைகள் வந்து போயின என்பது அதுவரை எவருக்கும் தெரியாது.

கருவிகளைவிட, செய்யாமல் விட்டவற்றின் பட்டியல்தான் அன்றையும் இன்றையும் கூர்மையாகப் பிரிக்கிறது. அன்று வேகமாக மூச்சுக் கொடுத்து ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தார்கள். ரத்தநாளங்கள் சுருங்கும், அழுத்தம் இறங்கும். திரையில் எண் அழகாக இறங்கியது. ஆனால் சுருங்கிய நாளங்களின் வழியே மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் குறைந்தது. எல்லோருக்கும் முன்கூட்டியே இப்படிச் செய்தால் தேறுவது தாமதமாகிறது என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று மூச்சு இயல்பான அளவில் கொடுக்கப்படுகிறது. வேக மூச்சு, அவசர நிமிடங்களைக் கடக்க மட்டும். அன்று வீக்கம் வற்றட்டும் என்று நீரைக் குறைத்து நோயாளியை உலர வைத்தார்கள். இன்று ரத்த அழுத்தம் இறங்குவதுதான் கொடிய எதிரி என்று அறிந்து, நீரளவைச் சமநிலையில் காக்கிறார்கள். வயதைப் பொறுத்து, சிஸ்டாலிக் அழுத்தம் 100-க்கோ 110-க்கோ கீழே போக விடுவதில்லை.

ஸ்டீராய்டின் கதை இவற்றுள் பெரியது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை அது வற்றச் செய்யும். ஆகவே தலைக்காய வீக்கத்தையும் வற்றச் செய்யும் என்று நம்பி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். கிராஷ் என்ற பன்னாட்டு ஆய்வு 10,008 பேரைச் சேர்த்ததும் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2004-இல் முடிவு வெளியானது. இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 17.9 சதவீதம். நூறு பேருக்கு மூன்று உயிர் என்ற இந்த வித்தியாசத்தை எந்த ஒரு டாக்டரும் தம் வார்டில் கண்ணால் கண்டிருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட தீங்கு அது. பத்தாயிரம் குடும்பங்களின் நோயாளிகளை எண்ணிப் பார்த்த பின்தான் அது புலப்பட்டது. உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறைக்கும் இதே கதிதான். 2015-இலும் 2018-இலும் வந்த பெரிய ஆய்வுகளில் அதன் பலன் தெரியவில்லை. இன்று குளிர்விப்பதில்லை, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து எவ்வளவு உயிர்களைக் காத்தன? 1977-இல் கிளாஸ்கோ, நெதர்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று இடங்களின் கடும் தலைக்காய நோயாளிகளை ஒப்பிட்டபோது, எங்கும் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் ரிச்மண்டில், விரைந்து கண்டறிந்து தீவிரமாகக் கவனித்த 160 பேரில் 30 சதவீதத்தினர் இறந்தார்கள். புதிய மருந்து ஏதுமில்லை. உடனடிப் படப்பரிசோதனை, உடனடி அறுவை, வென்டிலேட்டர், இடைவிடாத கண்காணிப்பு, இவ்வளவே. 1970-க்கும் 1990-க்கும் இடையில் இறப்பு வேகமாகச் சரிந்தது. அதன் பின் சரிவு மந்தமாகிவிட்டது. எளிதில் காக்கக்கூடியவர்களைக் காத்தாகிவிட்டது, மிச்சமிருப்பது கடினமான பகுதி.

அந்தக் கடினத்தை 2016-இல் வெளியான ஒரு ஆய்வின் எண்கள் சொல்லும். எதற்கும் அடங்காமல் மண்டைக்குள் அழுத்தம் ஏறிய 408 பேரில் ஒரு பாதியினருக்கு மண்டையோட்டின் ஒரு பெரிய பகுதியை அகற்றினார்கள். மறுபாதியினருக்கு மருந்தால் சிகிச்சை. ஆறு மாத முடிவில் மருந்துப் பிரிவில் 48.9 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள், அறுவைப் பிரிவில் 26.9 சதவீதம்தான். நூற்றுக்கு இருபத்திரண்டு பேரை மரணத்திலிருந்து மீட்டெடுத்த அறுவை அது. ஆனால் உணர்வற்ற நிலையிலேயே இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 2.1 சதவீதம், அறுவைப் பிரிவில் 8.5 சதவீதம். பிறரையே சார்ந்து வாழ வேண்டியவர்களும் அறுவைப் பிரிவில் அதிகம். அன்று குடும்பத்துக்கு முன் இருந்த கேள்வி ஒன்றே: பிழைப்பாரா? இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பிழைத்தால் எப்படி இருப்பார்? மண்டையோட்டைத் திறக்கச் சம்மதம் கேட்டு நீட்டப்படும் தாளில் கையெழுத்திடும் மனைவியோ அண்ணனோ, ஒரு கால் மணி நேரத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

இழந்தவை என்றும் சில உண்டு. அன்று மயக்க மருந்து அதிகம் தராததால் நோயாளியிடம் எப்போதும் ஏதோ ஒரு அசைவு இருந்தது. இரவு நர்ஸ் அவருடைய முனகலின் மாற்றத்தை அறிந்திருந்தார். இன்று ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டவரிடம் கேட்க எதுவுமில்லை, எண்கள்தான் பேசுகின்றன. அன்று பொது வார்டில் அம்மா கட்டிலோரமே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தொற்று பரவியதும் அப்படித்தான், ஆறுதல் பரவியதும் அப்படித்தான். இன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி, பார்வை நேரத்தில் கவுன் மாட்டிக்கொண்டு சில நிமிடங்கள். "கண்ணத் திறந்தாரா டாக்டர்?" என்ற கேள்விக்கு, "மயக்கத்துலதான் வச்சிருக்கோம்மா, இப்ப திறக்கக் கூடாது" என்ற பதில் அந்த அம்மாவுக்குப் புரிவதேயில்லை. சில மருத்துவமனைகள் குடும்பத்தை மீண்டும் கட்டிலருகே அனுமதிக்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

இழந்தவற்றுள் ஒன்றை இழந்ததே நல்லது. அது முடிவைச் சீக்கிரம் சொல்லும் தைரியம். அன்று மூத்த மருத்துவர் ஒருவர் முதல் நாளே 'தேறமாட்டார்' என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்குப் பின் கவனிப்பு தளரும், நோயாளி தேறமாட்டார், சொன்னது பலித்ததாக ஆகிவிடும். மிகக் கடுமையான மூளைக்காயத்தில்கூட 72 மணி நேரம் வரை காத்திருந்து பாருங்கள் என்று 2015-இல் இத்துறையின் வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். 'இப்போது சொல்ல முடியாது' என்று டாக்டர் சொல்லும்போது அவர் நழுவுவதாகக் குடும்பம் நினைக்கலாம். பெரும்பாலும் அதுதான் உண்மையான விடை.

அதற்கான காரணம் நாளுக்கு நாள் வலுக்கிறது. விழித்தும் உணராத நிலை என்ற ஒன்றை ஜென்னட்டும் ஃப்ரெட் பிளம்மும் 1972-இல் விவரித்தபோது, அசையாதவருக்குள் எதுவும் நடக்கவில்லை என்றே கொள்ளப்பட்டது. 2006-இல் ஏட்ரியன் ஓவனின் குழு, அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. ஸ்கேனில் அவர் மூளை ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே ஒளிர்ந்தது. 2024-இல் பல நாடுகள் சேர்ந்த ஆய்வில், சொன்னதற்கு உடலால் எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை சொன்னதைச் செய்தது. நான்கில் ஒருவர். அன்று அவர்களின் தலைமாட்டில் நின்று நாம் எவற்றையெல்லாம் பேசியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் மாற்றம் கட்டிலைவிடச் சாலையில் பெரிது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கும் முன், அடிபட்டவரை ஆட்டோவிலோ வேனிலோ கழுத்து ஆட ஆட அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் மூச்சு அடைத்தால் அதுவே இரண்டாவது அடி. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. பணம் கட்டினால்தான் ஸ்கேன் என்று நின்ற நேரமும் இரண்டாவது அடியாகவே இருந்தது. அதைக் குறைத்தது எந்தக் கருவிக்கும் குறையாத சாதனை. கருவி இல்லாத இடத்திலும் கவனிப்பு வேலை செய்யும் என்பதற்கு, பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு சாட்சி. மண்டைக்குள் அழுத்தமானி வைத்தவர்களும், அது இல்லாமல் ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் வைத்து முறையாகக் கவனிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். அந்த ஊர்களின் ஐ.சி.யு.க்களில் எண் இல்லாவிட்டாலும், விடாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் இருந்தார்கள்.

மாறாமலே நிற்கும் இடம் ஒன்றுதான், ஐ.சி.யு.வை விட்டு வெளியே வந்த பிறகு வரும் காலம். வயிற்றுக் குழாயில் கஞ்சி ஊற்றுவதும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், மறந்துபோன பெயர்களை மறுபடி சொல்லிக்கொடுப்பதும் 1950-இல் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. இன்றும் பெரும்பாலும் அவர்களின் வேலைதான். முதல் 48 மணி நேரத்துக்கு அரசும் அறிவியலும் துணை நிற்கின்றன. அடுத்த 48 மாதங்களுக்கு ஒரு தாயோ மனைவியோ வேலையை விட்டுவிட்டுத் தனியே நிற்கிறார். மறுவாழ்வு மையங்கள் குறைவு, இருப்பவையும் தூரம். உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட துறை அந்த உயிரோடு வீடு வரை வர வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்ட்டும் தாலுகா மருத்துவமனை வரை வர வேண்டும். கவனிக்கும் பெண்ணுக்கு ஊதியமும் ஓய்வும் கிடைக்க வேண்டும். காவல் விட்டுப்போன எந்த இடத்திலும் இரண்டாவது அடி விழும் என்பதுதான் இந்த எழுபது ஆண்டுகள் கற்றுத்தந்த பாடம். ஐ.சி.யு.வின் கதவுக்கு வெளியேயும் அது பொருந்தும்.